ஓய்வுப் பொழுதும் ஒரு கல்வியே

பள்ளிக்கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை மணி அடிக்கிறது. அவற்றுள் மாணவர் நெஞ்சுக்கு மிக இனிய மணி எது? விளையாட்டு வேளைக்கு அடிக்கும் மணியே என்று நீங்கள் தயங்காமல் விடை கூறுவீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்த நானும் அதையே கூறுவேன். அந்த மணி அடித்தவுடன் எல்லாரும் மைதானத்தை நோக்கி ஓட, ஒருவன் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க நேர்ந்தால் அவன் உள்ளம் என்ன பாடுபடும்? இக்கேள்வியை என்னை நானே கேட்டுக்கொள்ளப் பல காலம் ஆயிற்று. அந்தத் தாமதத்தின் கதையிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1986ஆம் ஆண்டு கோவில்பட்டிக்கு அருகே கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் நான் ஆசிரியன். கோவில்பட்டி வட்டாரத்திற்கு வளைகோற்பந்து என்னும் ஹாக்கி ஆட்டத்தின்மீது இருக்கும் பற்றை நீங்கள் அறிவீர்கள். பருத்தியும் கம்பும் விளையும் அந்தக் கரிய மண்ணில், வானம் பொய்த்த ஆண்டிலும் ஹாக்கி மட்டும் பொய்த்ததில்லை. கடைக்குச் சென்று மட்டை வாங்க இயலாத பிள்ளைகள் வளைந்த மரக்கிளையை வெட்டிச் சீவி எடுத்துக்கொண்டு களத்தில் இறங்குவார்கள்.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் இருந்தான். பாடங்களைக் காதால் கேட்டே நினைவில் இருத்திக்கொள்வான். மனக்கணக்கில் அவனை வெல்ல வகுப்பில் ஆளில்லை. ஆனால் விளையாட்டு மணி அடித்ததும் அவன் வேப்பமரத்தடியில் போய் அமர்ந்துகொள்வான். ஆடப் போகும் பிள்ளைகள் தங்கள் சட்டைகளையும் செருப்புகளையும் அவனருகில் குவித்துவிட்டு ஓடுவார்கள். அவற்றுக்கு அவன் காவல். இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நானே. "அவனுக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்திருக்கிறோம்" என்று உள்ளூர மகிழவும் செய்தேன். ஆசிரியப் பயிற்சியில் நான் பிரோபெலின் கொள்கையைப் படித்தவன். 1837ஆம் ஆண்டு குழந்தைகளுக்கென ஜெர்மனியில் பள்ளி கண்ட அப்பெரியார் விளையாட்டையே கல்வியின் வேர் என்று கருதினார் எனத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவன். எழுதியது விடைத்தாளோடு நின்றது.

அவ்வாண்டுக் கோடை விடுமுறையில் ஒரு நாள் அவன் வீட்டுப் பக்கம் செல்ல நேர்ந்தது. பையன் திண்ணையில் அமர்ந்திருந்தான். அவன் தாய் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "ஐயா, பள்ளிக்கூடம் இருந்தா பிள்ளை எப்படியும் இருந்துக்கிடுதான். லீவு விட்டா விடிஞ்சதுல இருந்து பொழுது அடையிற மட்டுக்கும் இந்தத் திண்ணைதான்" என்றார். அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. எனக்கோ அது சாட்டையடி போல் இருந்தது. அவனுக்கு வரலாறும் கணக்கும் கற்பித்த நாங்கள், ஒரு பகற்பொழுதைத் தன் விருப்பம்போல் கழிக்கக் கற்பிக்கவில்லை.

'பொழுதைக் கழிக்கக்கூடக் கற்பிக்க வேண்டுமா? பசியைப்போல அது தானே வருவதன்றோ?' என்று உங்களுள் சிலர் நினைக்கலாம். சற்று எண்ணிப் பாருங்கள். பம்பரம் விட உங்களுக்கு யார் பாடம் நடத்தினார்கள்? எவரும் இல்லை. அண்ணன் கயிற்றைச் சுற்றியதைப் பார்த்தீர்கள், நீங்களும் சுற்றினீர்கள். கபடியில் கோட்டைத் தொட்டுத் திரும்புவதையும், தாயக்கட்டையை உருட்டுவதையும், கும்மியில் அடி வைப்பதையும் கண்ணே உங்களுக்குக் கற்றுத் தந்தது. பார்த்துப் பழகும் அந்தப் பெரும்பள்ளியின் கதவு பார்வையற்ற குழந்தைக்கு மூடியிருக்கிறது. தெருவில் எத்தனை வகை ஆட்டங்கள் நடைபெறுகின்றன என்பதே அதற்குத் தெரியாது. இருப்பது தெரியாத ஒன்றை எவ்வாறு விரும்புவது? ஆதலால் அக்குழந்தைக்கு விளையாட்டையும் பொழுதுபோக்கையும் முறையாக, படிப்படியாக, எழுத்தும் எண்ணும் கற்பிப்பதுபோலவே கற்பிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வியாளர் பில் ஹாட்லன், பார்வையற்ற மாணவர்க்குப் பொதுப்பாடங்களுக்கு மேலாகக் கற்பிக்க வேண்டிய துறைகளைத் தொகுத்துக் கூறியபோது, பொழுதுபோக்கையும் ஓய்வையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்.

இந்த உண்மையை உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

1771ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்தில் ஒரு சந்தை கூடியது. அங்கே பார்வையற்ற சிலருக்குக் கோமாளி உடை உடுத்தி, கண்ணாடியே இல்லாத பெரிய மூக்குக்கண்ணாடிகளை மாட்டி, கையில் இசைக்கருவிகளைக் கொடுத்து மேடையில் ஏற்றியிருந்தார்கள். வாசிக்கக் கற்பிக்கப்படாத அவர்கள் எழுப்பிய ஓசையைக் கேட்டுக் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அங்கு நின்ற வாலந்தேன் ஆவி என்னும் இளைஞருக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு கொதித்தது. 1784இல், தேவாலய வாசலில் இரந்து நின்ற பார்வையற்ற பையன் ஒருவனுக்கு அவர் எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். அந்த முயற்சியிலிருந்து பார்வையற்ற பிள்ளைகளுக்கான பாரிஸ் பள்ளி வளர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அச்சந்தையில் பார்வையற்றோர் பிறருடைய பொழுதுபோக்குக்குப் பொருளாக நின்றார்கள். அவர்கள் தமக்கென ஒரு பொழுதுபோக்கை உடையவராக ஆவதற்கு அவர்களுக்கு இசை முறையாகக் கற்பிக்கப்பட வேண்டியிருந்தது. ஆவி தொடங்கிய பள்ளியில் இசைக்கு நல்லிடம் கிடைத்தது. 1819இல் பத்து வயதுச் சிறுவனாக அங்கே வந்து சேர்ந்தவர்தாம் லூயி பிரெயில். தந்தையின் தோல் பட்டறையில் கூரிய கருவியொன்று கண்ணில் பட்டுப் பார்வை இழந்தவர் அவர். ஆறு புள்ளிகளைக் கொண்டு 63 வடிவங்களை உண்டாக்கும் எழுத்து முறையைப் பதினைந்து வயதிலேயே வகுத்தார். 1829இல் அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே சொற்களை எழுதும் முறையோடு இசையை எழுதும் முறையும் இருந்தது. அவர் பாரிஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த இசைவாணர். படிப்பு முதலில், இன்பம் பிறகு என்று அவர் பிரித்து வைக்கவில்லை.

ஓடி ஆடும் பயிற்சியைப் பார்வையற்றோர் கல்வியின் அடித்தளத்தில் வைத்த பெரியார் பிரான்சிஸ் ஜோசப் கேம்பெல். 1832இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தவர். மூன்று வயது கடந்த குழந்தையாக விளையாடிக்கொண்டிருந்தபோது வேல இனத்து மரமொன்றின் முள் கண்ணில் குத்தியதால் பார்வை போயிற்று. கருவேல முள்ளுக்கு நடுவே வளரும் கரிசல்நாட்டுப் பிள்ளைகளுக்கு இச்செய்தியின் வலி விளங்கும். முள் குத்திய அக்குழந்தை வளர்ந்து இசையாசிரியராகி, இங்கிலாந்து சென்று, 1872இல் லண்டன் மாநகரில் பார்வையற்றோருக்கான கல்லூரி ஒன்றை நிறுவியது. அங்கே இசையும் பியானோவுக்குச் சுருதி கூட்டும் தொழிலும் கற்பித்தார்கள். அத்தோடு கேம்பெல் நிற்கவில்லை. உடற்பயிற்சிக் கூடம் அமைத்தார். நீந்தவும் படகு செலுத்தவும் பனிக்கட்டிமேல் சறுக்கவும் மாணவர்களைப் பழக்கினார். நடக்க அஞ்சும் உடல் பிழைக்கவும் அஞ்சும் என்பது அவர் கண்ட உண்மை. 1880இல், 4,800 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மோன் பிளாங் சிகரத்தில் அவரே ஏறினார். உச்சியில் நின்று காணக் கண்ணில்லாதவர் எதற்காக மலை ஏற வேண்டும் என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர். கால் அறியும் பனியும், முகத்தில் மோதும் காற்றும், முடித்தோம் என்னும் நிறைவும் கண்ணுக்கு மட்டுமே உரியவை அல்லவே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1887இல் அமிர்தசரசில் ஆன்னி ஷார்ப் அம்மையார் இந்தியாவில் பார்வையற்றோருக்கான முதற் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1890இல், நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். கோவில்பட்டியிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரத்திற்குள் சென்றுவிடக்கூடிய இடத்தில், இத்தனை தொன்மையான பள்ளி ஒன்று வேர்விட்டது நம் வட்டாரத்தின் நற்பேறு. 1931இல் பூவிருந்தவல்லியில் அரசினர் பள்ளி தோன்றியது. 1951இல் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவான பாரதி பிரெயில் முறை அமைந்தது. அதில் தமிழும் இடம் பெற்றது.

இத்தகைய தொடக்ககாலப் பள்ளிகள் எங்கும் எழுத்தையும் கைத்தொழிலையுமே முதன்மையாகக் கருதின. பிரம்பு பின்னுதல், கூடை முடைதல், நெசவு முதலியவற்றைக் கற்றுக்கொடுத்து, இரந்துண்ணும் இழிவிலிருந்து பிள்ளைகளை மீட்பதே அவற்றின் முதற் கவலை. அது பெரும்பணி, அதைக் குறை கூற எனக்கு வாய் எழாது. எனினும் தொழில் நாளின் எட்டு மணி நேரத்தைத்தான் நிரப்பும். மாலையும் இரவும், ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகையும் மிச்சமிருக்கின்றன. அந்நேரங்களில் ஒருவன் யாரோடு இருக்கிறான், என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தே அவன் ஊரோடு ஒருவனா, ஊருக்குள் தனியனா என்பது அமைகிறது.

இதை உலகுக்கு உணர்த்தியது போரின் கொடுமை. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1915இல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன் இல்லத்தை ஆர்தர் பியர்சன் நிறுவினார். அவர் செய்தித்தாள் நடத்தியவர்; தாமும் பார்வை இழந்தவர். அவ்வில்லத்தில் பிரெயிலும் தட்டச்சும் கோழி வளர்ப்பும் கற்ற வீரர்கள், ஏரியில் படகு வலித்தார்கள், கயிறு இழுத்தார்கள், நடனம் பயின்றார்கள். களிப்பு திரும்பி வந்த பின்னரே தன்னம்பிக்கை திரும்பி வரும் என்பதைப் பியர்சன் தம் வாழ்விலேயே கண்டவர். அந்த இல்லத்தின் பெயராலேயே 1943இல் நம் டேராடூனிலும் கண்ணிழந்த வீரர்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்று எழுந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல், கண்ணிழந்த வீரர்களுக்கென்றே ஆஸ்திரிய நாட்டவர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் புதியதோர் ஆட்டத்தை அமைத்தார்கள். அதற்குக் கோல்பால் என்று பெயர். ஓரணிக்கு மூவர். பந்தினுள் மணிகள் ஒலிக்கும். அனைவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு, ஒலியைக் கேட்டு, தரையில் விழுந்து பந்தைத் தடுக்க வேண்டும். பார்ப்போர் மூச்சுவிடும் ஓசைகூட எழாமல் அமைதி காக்க வேண்டும்.

கிரிக்கெட்டின் கதை இதனினும் எளியது. 1922இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில், தொழிற்சாலையில் வேலை செய்த பார்வையற்ற இருவர், ஒரு தகர டப்பாவில் கற்களைப் போட்டு அதையே பந்தாக்கி ஆடினார்கள். அந்த டப்பாவே இன்று உள்ளே குண்டுமணிகள் ஒலிக்கும் பிளாஸ்டிக் பந்தாக மாறியிருக்கிறது. பந்து வீசுபவர் "ரெடியா?" என்று கேட்க, மட்டை பிடித்தவர் "யெஸ்" என்று விடை கூற, "பிளே" என்று குரல் கொடுத்துக்கொண்டே பந்து தரையோடு உருட்டி விடப்படுகிறது. பதினொருவரில் குறைந்தது நால்வர் முற்றிலும் பார்வையற்றவராக இருத்தல் வேண்டும். அவர்கள் எடுக்கும் ஓட்டம் ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படும். இவ்வாட்டத்தில் 2012இல் பெங்களூரில் நடந்த முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. 2025இல் கொழும்பில் நிறைவெய்திய மகளிருக்கான முதல் உலகக் கோப்பையையும் நம் பெண்களே வென்றார்கள்.

சதுரங்கமும் அவ்வாறே. கறுப்புக் கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும் பலகையில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. காய்களின் அடியில் ஒரு முளை. ஒரு நிறத்துக் காய்களின் தலையில் சிறு முள். தடவிப் பார்த்தால் காய் நகராது. நிறம் விரலுக்குத் தெரியும். பார்வையற்றோர்க்கான பன்னாட்டுச் சதுரங்கச் சங்கம் 1951இலேயே அமைந்துவிட்டது. எந்த ஆட்டத்திலும் விதியின் உயிர் மாறவில்லை. கண் செய்த வேலையைக் காதுக்கோ விரலுக்கோ மாற்றிக் கொடுத்தார்கள், அவ்வளவே.

இவற்றையெல்லாம் படித்தபோது எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. இவை மேல்நாட்டாரின் வசதிக்குரியவை. வானம் பார்த்த கரிசல் பூமிக்கு ஒத்து வருமா? இதற்கான விடையை எனக்குக் கூறியவர் எந்தக் கல்வியாளரும் அல்லர். நான் முன்னர்ச் சொன்ன அம்மாணவனின் பாட்டிதான்.

கோடை விடுமுறை முடியும் தறுவாயில் மீண்டும் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேன். திண்ணையில் பாட்டியும் பேரனும் எதிரெதிரே அமர்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள்; புளியமுத்துகள். பையன் விரல் நுனியால் குழியைத் தொட்டு, முத்துகளை அள்ளி, ஒவ்வொன்றாக இட்டுச் சென்றான். எந்தக் குழியில் எத்தனை முத்து என்பது முழுவதும் அவன் நினைவில் இருந்தது. என்னையும் ஆட அழைத்தார்கள். மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் தோற்றேன். பாட்டி எப்படிக் கற்பித்தார் என்று கேட்டேன். முதலில் தம் கைமேல் அவன் கையை வைத்துக்கொண்டு தாமே ஆடினாராம். பிறகு தம் கையைப் படிப்படியாக விலக்கிக்கொண்டாராம். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காமல், கற்பிப்பவர் கைமேல் குழந்தை கை வைத்துப் பின்பற்றும் இம்முறையைத்தான் இன்று பார்வையற்றோர் கல்வி நூல்கள் சிறந்த முறையாக விளக்குகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி அதைத் தம் அன்பினாலேயே கண்டறிந்திருந்தார்.

அன்றிலிருந்து என் கண் திறந்தது. சுற்றிலும் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் தீப்பெட்டிக்குப் பஞ்சமில்லை. வெற்றுத் தீப்பெட்டிகளை இரண்டிரண்டாக எடுத்து, ஓர் இணையில் கம்பு, ஓர் இணையில் உளுந்து, ஓர் இணையில் பருத்திக்கொட்டை, ஓர் இணையில் மணல் என்று இட்டு மூடினோம். குலுக்கிப் பார்த்து இணை சேர்க்க வேண்டும். இவ்வாட்டத்தில் பார்வையுள்ள பிள்ளைகள் அவனிடம் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்டார்கள். ஆடுபுலி ஆட்டத்திற்குப் பலகையில் கோடுகளை ஆழமாகச் செதுக்கினோம். ஆட்டுக்குப் புளியமுத்து, புலிக்குக் கூழாங்கல். விடுகதைப் போட்டி வைத்தோம். வில்லுப்பாட்டுக் குழு ஒன்று அமைத்தபோது குடத்தில் தாளம் போட அவனே முன்வந்தான். ஒலியும் தொடுதலும் நினைவாற்றலும் நிறைந்த ஆட்டங்கள் நம் முன்னோர் வைத்துப்போன செல்வம். திருக்கழுக்குன்றப் புராணம் பாடிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையின்றியே பெரும்புலவராய் விளங்கிய நாடன்றோ இது!

வானொலியில் பேசும் நான் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'பார்வையற்றவருக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் போதும். பொழுது போய்விடும்' என்று கருதுவோர் உளர். வானொலி நல்ல துணையே, அதை மறுப்பேனா? ஆயினும் கேட்டுக்கொண்டே இருப்பது வேறு, தானே ஒன்றைச் செய்வது வேறு. பார்வையற்ற, செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லர், 1903இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில், தாம் படகு வலித்ததையும் சதுரங்கம் ஆடியதையும் எவ்வளவு உவகையுடன் எழுதினார்! பொழுதுபோக்கு என்பது தேர்ந்தெடுக்கும் உரிமை. பத்து ஆட்டங்களைச் சுவைத்துப் பார்த்தவனுக்கே தனக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தெரியும். எதுவும் வேண்டாம் என்று சொல்லவும் தெரியும்.

இன்று சட்டமும் இதை ஏற்றுக்கொண்டுள்ளது. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் பள்ளியிலும் வெளியிலும் மற்றக் குழந்தைகளோடு ஒப்ப விளையாடும் உரிமையை வலியுறுத்துகிறது. இந்தியா 2007இல் அதனை ஏற்றது. 2016ஆம் ஆண்டு நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பள்ளிகள் கல்வியை மட்டுமன்றி விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் சமமான வாய்ப்பை அளிக்க வேண்டும் என்று விதிக்கிறது. சட்டம் வாசல் வரை வரும். மைதானத்துக்குள் கை பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியவர் நாம்.

இங்கே என் குறையை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். பல்லாங்குழி வரை நான் வந்தேன். தீப்பெட்டி வரை வந்தேன். மைதானம் வரை அவனை நான் அழைத்துச் செல்லவில்லை. 'விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?' என்ற அச்சம் என்னைத் தடுத்தது. மெல்போர்ன் தொழிலாளிகள் டப்பாவில் கல்லைப் போட்டு 64 ஆண்டுகள் கழிந்திருந்தன. எங்கள் பள்ளியிலும் டப்பா இருந்தது, கல்லும் இருந்தது. அவற்றைச் சேர்க்கும் துணிவு மட்டும் என்னிடம் இல்லை. விழாமல் விளையாட்டுக் கற்றவர் உலகில் எவரும் இல்லர். விழும் உரிமையை அந்தச் சிறுவனுக்கு நான் மறுத்தேன். பத்தாம் வகுப்பு முடித்து அவன் விடைபெற வந்த நாளில், "சார், ஒரு தடவை அந்த ஹாக்கி மட்டையைப் பிடிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டான். மூன்று ஆண்டுகள் எங்கள் ஆட்டத்தை ஒலியாகவே கேட்டவன், மட்டை எவ்வளவு கனம், எங்கே வளைகிறது என்பதை அன்றுதான் தொட்டு அறிந்தான். அதை அவன் திருப்பித் திருப்பித் தடவிய காட்சி இன்றும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

மாணவ மாணவியரே, உங்கள் வகுப்பிலும் தெருவிலும் அத்தகைய தோழர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைக் கண்டு இரங்க வேண்டாம், ஆட அழையுங்கள். முதலில் களத்தைச் சுற்றி ஒருமுறை அவரோடு நடந்து, எல்லை எது, கம்பம் எது என்று சொல்லுங்கள். பந்தையும் மட்டையையும் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க விடுங்கள். ஓடும்போது ஒரு கயிற்றின் இரு முனைகளை இருவரும் பற்றிக்கொள்ளுங்கள். "அங்கே", "இங்கே" என்று சொல்லாமல், "உன் இடப்பக்கம் மூன்று அடி" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிறிதளவு பார்வை எஞ்சியவர்க்குப் பளிச்சென்ற நிறத்துப் பந்து உதவும். தோற்றால் விட்டுக்கொடுக்காதீர்கள், அவர் வென்றால் வியப்புக் காட்டாதீர்கள். சக ஆட்டக்காரருக்குச் செய்யும் மரியாதை அதுவே.

நாளை உங்கள் பள்ளியில் விளையாட்டு மணி அடிக்கும்போது, வேப்பமரத்தடியை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே யாராவது செருப்புகளுக்குக் காவல் இருந்தால், அவர் கையைப் பற்றி எழுப்புங்கள். செருப்புகள் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்.